எதிர்க்கடைக்கு விற்ற சரக்கு

அத்தான் வேலை நேரத்தில் போன் எடுக்கிற ஆள் இல்லை. 2012 ஆகஸ்ட் 15, புதன்கிழமை இரவு கடையில் பால் அடுக்கிக்கொண்டிருந்தபோது திரையில் அவருடைய பெயர் வந்ததும் நெஞ்சு திக்கென்றது. ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, பால் பெட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டு எடுத்தேன். மறுமுனையில் சிரிப்பு.

"என்னடா, உங்கட கப்டனை எங்களுக்கு வித்துப்போட்டாங்களாம்?"

எங்கள் லண்டன் உதைபந்தாட்டக் கிளப் ஆர்சனல், தன் கப்டன் ரொபின் வான் பேர்சியை மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு விற்க உடன்பட்டுவிட்ட செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் பால் பெட்டியின் மூலை உடைந்து தரையெல்லாம் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்த கையோடு கடை டிவியைப் போட்டேன். கீழே மஞ்சள் பட்டையில் அதே செய்தி.

நான் லண்டனுக்கு வந்தது 1999இல். ஹொலோவே ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறை, அதில் ஐந்து பேர். சனிக்கிழமை பின்னேரங்களில், ஆர்சனலின் அப்போதைய மைதானமான ஹைபரிப் பக்கமிருந்து ஒரு சத்தம் எழும்பும். ஊரில் தேர் வடம் பிடிக்கும்போது நாலு தெரு தள்ளிக் கேட்கும் அரோகரா மாதிரி. என்ன ஏது என்று தெரியாமலே அந்தச் சத்தத்துக்கு நான் பழகிவிட்டேன். ஆர்சனலை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல ஏலாது. குடியிருக்கிற இடத்துச் சாமியைக் கும்பிடுகிற மாதிரித்தான்.

அத்தான் அப்படி இல்லை. அவர் ஈஸ்ட் ஹாமில் வீடு வாங்கி இருப்பவர். நடந்து போகிற தூரத்தில் அப்போது வெஸ்ட் ஹாம் மைதானம். அதை விட்டுவிட்டு இருநூறு மைலுக்கு அப்பால் இருக்கிற கிளப்புக்கு அவர் ரசிகர். யுனைட்டட்டின் கன்டோனா கொலரைத் தூக்கிவிட்டு நடந்த காலத்தில் லண்டனுக்கு வந்தவர், 1999இல் ஒரே சீசனில் மூன்று கோப்பை எடுத்ததைப் பார்த்தவர், அதற்குப் பிறகு அவரை யாரும் அசைக்க ஏலாது. மான்செஸ்டருக்கு அவர் வாழ்நாளில் போனது ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு சாமத்தியவீட்டுக்கு.

எங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் மருமகன். அவனுக்கு ஐந்து வயதானபோது, அத்தான் யோசித்து முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டு சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ஜேர்சி வாங்கிக் கொடுத்துவிட்டேன். அக்கா இன்றைக்கும் அதை ஒரு கொள்ளை என்றுதான் சொல்வாள். 2011 மார்கழியில் அவனுடைய ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த ஜேர்சியின் முதுகில் 10ஆம் இலக்கமும் வான் பேர்சியின் பெயரும். முழுப் பெயரும் இருக்காது, 'வி. பேர்சி' என்றுதான் அடித்திருக்கும். "அவருக்கும் எங்களை மாதிரி இனிஷியலோ மாமா?" என்று பெடியன் கேட்டான். ஓம் என்றேன். அந்த ஒரு காரணத்துக்காகவே அவனுக்கு அந்த ஆள் இன்னும் நெருக்கமாகிவிட்டார்.

இந்த மனுஷனுக்காக எட்டு வருஷம் பொறுத்திருந்தோம் என்பதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. 2004இல் ரொட்டர்டாமில் பெய்னோர்ட் கிளப்பிலிருந்து மூன்று மில்லியன் பவுணுக்கும் குறைவான விலையில் வந்தவர். இடது கால் என்றால் அப்படி ஒரு இடது கால். ஆனால் கணுக்கால், முழங்கால், தொடை என்று ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒன்று. 2009 நவம்பரில் இத்தாலிக்கு எதிரான ஒரு சிநேகபூர்வ ஆட்டத்தில் கணுக்கால் போய், மாதக்கணக்கில் வெளியே இருந்தார். அதற்கு வைத்தியம் பார்க்க பெல்கிறேட் போய், குதிரையின் நஞ்சுக்கொடித் திரவத்தைத் தடவிக்கொண்டார் என்று பேப்பரில் வந்தது. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் ஒரு கிழமை அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஊரில் முறிவு நெரிவுக்கு எண்ணெய் போடுகிற பரியாரியை நினைத்துக்கொண்டேன். அவர் இதை விடப் பரவாயில்லை.

2011 கோடையில் பாப்ரேகாஸ் பார்சிலோனாவுக்குப் போனார். நஸ்ரியும் கிளிஷியும் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்ட் 28ஆம் திகதி யுனைட்டட்டின் மைதானமான ஓல்ட் டிரபர்ட்டில் 8-2 என்று அடி வாங்கினோம். அன்றைக்கு வான் பேர்சி ஒரு கோல் அடித்தார், ஒரு பெனால்டியைத் தவறவும் விட்டார். அந்த இடிபாட்டுக்கு நடுவில்தான் அவர் புதுக் கப்டன். அந்த சீசன்தான் அவருடைய உடம்பு முதல் தடவையாக முழு வருஷமும் சொன்னபடி கேட்டது. லீக்கில் 38 ஆட்டத்திலும் இறங்கினார். 30 கோல். விளையாட்டுக்காரர்கள் கொடுக்கிற விருது, பத்திரிகைக்காரர்கள் கொடுக்கிற விருது இரண்டும் அவருக்கே. நாங்கள் மூன்றாவதாக வந்தோம். அவர் இல்லாவிட்டால் எத்தனையாவது என்று யோசிக்கவே பயமாக இருக்கும்.

அப்புறம் 2012 ஜூலை 4. ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் மிச்சம். ஒப்பந்தத்தை நீட்டப்போவதில்லை, கிளப் எந்த வழியில் போகவேண்டும் என்பதில் நிர்வாகத்தோடு தனக்கு ஒத்துவரவில்லை என்று தன்னுடைய சொந்த இணையத்தளத்தில் அறிக்கை போட்டுவிட்டார். கலியாண வீட்டில் மாப்பிள்ளை மைக்கைப் பிடித்துச் சீதனக் கணக்குச் சொன்ன மாதிரி. அடுத்த நாளே பங்குகாரர்களில் ஒருவரான உஸ்மானோவ், நிர்வாகம் சரியில்லை என்று பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார்.

அந்த நாளிலிருந்து ஆகஸ்ட் 15 வரை ஆறு கிழமை. எங்கள் கடையில் நடந்த விவாதத்தை யாராவது எழுதி வைத்திருந்தால் ஒரு பெரிய புத்தகம் வந்திருக்கும்.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பேப்பர், பால், பியர், சிகரெட், லொத்தர். எமிரேட்ஸ் மைதானத்திலிருந்து நடந்து வருகிற தூரம். ஆட்ட நாளென்றால் வாசலில் நிற்க இடம் இருக்காது. முதலாளி என் பெரியப்பாவின் மகன். அவருக்கு உதைபந்தாட்டத்தில் துளியும் ஆர்வம் கிடையாது. கிரிக்கெட், அதுவும் இலங்கை ஆடினால் மட்டும்.

விவாதத்தில் முக்கியமான ஆட்கள் மூன்று பேர். ஒருவர் எரித்திரியாவிலிருந்து வந்த டாக்சிக்காரர். இரவு வேலை முடித்துக் காலை ஆறு மணிக்கு வந்து கோப்பியோடு நிற்பவர். இன்னொருவர் ஐரிஷ்காரக் கிழவர். எழுபது தாண்டியவர், ஹைபரியில் நின்றுகொண்டு ஆட்டம் பார்த்த காலத்து ஆள். மூன்றாவது நான்.

டாக்சிக்காரர் சொன்னது இதுதான்: விற்கவே கூடாது. ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு வருஷம் ஆடட்டும். அடுத்த வருஷம் சும்மா போனால் போகட்டும். அவர் அடிக்கிற கோலால் முதல் நாலு இடத்துக்குள் வந்தால் ஐரோப்பியக் கிளப்புகள் மோதுகிற சாம்பியன்ஸ் லீக் காசு வரும், விற்று வரும் காசு அதிலேயே வந்துவிடும். "நான் டாக்சியை விற்றால் ஒரு தடவை காசு. ஓட்டினால் ஒவ்வொரு நாளும் காசு."

நான் விற்கத்தான் வேண்டும் என்ற கட்சி. கடைக்காரப் புத்தி. திகதி முடியப்போகிற தயிரை என்ன செய்வோம்? மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைத்து முன்னுக்கு வைப்போம். நாளைக்கு அது குப்பைக்குத்தான். வான் பேர்சிக்கு அந்த ஆகஸ்டில் 29 வயது. எட்டு சீசனில் ஒரே ஒரு சீசன்தான் முழுசாக ஆடியிருக்கிறார். அடுத்த ஜூலையில் ஒப்பந்தம் முடிந்து, கிளப்புக்குச் சல்லிக்காசு வராமல் போய்விடுவார். இருபது மில்லியனுக்கு மேல் யாராவது தருகிறேன் என்றால் கையைப் பிடித்து வாங்கிக்கொள்ள வேண்டாமா? போதாததற்கு மைதானம் கட்டின கடன் வேறு இன்னும் இருந்தது. 2006இல் எமிரேட்ஸ் திறந்த நாளிலிருந்து எல்லாக் கோடையிலும் இதே கதை. ஆஷ்லி கோல் செல்சீக்கு, அடபயோரும் கோலோ டூரேயும் சிட்டிக்கு, நஸ்ரியும் கிளிஷியும் அதே சிட்டிக்கு. நாங்கள் வளர்ப்போம், அவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். பழகிவிட்டது.

ஐரிஷ்காரர் இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டு பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்தபடி நிற்பார். அவருடைய கட்சி தனி. விற்கலாம், ஆனால் இத்தாலிக்கு. யுவென்டஸ் கேட்கிறது என்று பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று மில்லியன் குறைந்தாலும் அங்கேதான் கொடுக்க வேண்டும், யுனைட்டட் மனேஜர் பெர்குசனுக்கு மட்டும் கூடாது. ஏன் என்று கேட்டால் ஒரே ஒரு பெயர் சொல்வார். பிராங்க் ஸ்டேபிள்டன்.

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. கிழவர்தான் சொன்னார். டப்ளின்காரர், ஆர்சனலின் முன்கள வீரர். 1979 எஃப்ஏ கிண்ண இறுதியில் யுனைட்டட்டுக்கு எதிராக ஆர்சனலுக்காகக் கோல் அடித்தவர். 3-2 என்று வென்ற ஆட்டம் அது. 1981இல் ஒப்பந்தம் முடிந்ததும் அதே யுனைட்டட்டுக்குப் போய்விட்டார். விலையில் இரண்டு கிளப்பும் உடன்படாமல், நடுவர் குழு 9 இலட்சம் பவுண் என்று முடிவு செய்தது. இரண்டே வருஷத்தில், 1983 இறுதி ஆட்டத்தில், யுனைட்டட்டுக்காகக் கோல் அடித்தார். அன்றைக்குக் கிழவர் டிவியை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டாராம். முப்பது வருஷத்துக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் மாறியது. "எங்கள் நாட்டுப் பிள்ளை," என்றார். "அதுதான் இன்னும் மோசம்."

நான் சிரித்தேன். காசு காசுதான், அது இத்தாலியிலிருந்து வந்தால் என்ன, மான்செஸ்டரிலிருந்து வந்தால் என்ன, பேங்கில் போட்டால் இரண்டும் ஒன்றுதான் என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் வாயை அடைத்தவர் விவாதத்திலேயே இல்லாத ஆள். ஆகஸ்ட் 15ஆம் திகதி இரவு, கடை பூட்டும்போது முதலாளி அண்ணா கணக்குப் பார்க்க வந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்ததைக் கண்டு என்ன பிரச்சினை என்றார். சொன்னேன். கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆருக்கு வித்தவங்கள்?"

"மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு."

"அவங்களும் இதே லீக்கிலதானே விளையாடுறவங்கள்?"

"ஓம்."

"அப்ப எதிர்க்கடைக்கோ குடுத்தவங்கள்?" கல்குலேட்டரிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "விசரோடா? திகதி முடிஞ்ச தயிரை நான் குப்பையில போட்டாலும் போடுவன், ரோட்டுக்கு அங்கால இருக்கிறவனுக்குக் குடுப்பனோ? அவன் அதை வச்சு என்ர வாடிக்கையைப் பிடிப்பான்."

உதைபந்தாட்டத்தில் ஓப்சைட் என்றால் என்னவென்று தெரியாத மனுஷன். ஆறு கிழமை விவாதத்தை அரை நிமிஷத்தில் முடித்துவிட்டு அன்றைய லொத்தர் கணக்கைக் கூட்டப் போய்விட்டார்.

எதிர்க்கடைக்கு அந்த நேரத்தில் என்ன தேவைப்பட்டது என்று பார்த்தால் விஷயம் இன்னும் எரிச்சலூட்டும். மூன்று மாதத்துக்கு முதல், 2012 மே 13ஆம் திகதி, யுனைட்டட்டும் சிட்டியும் ஒரே புள்ளியில் முடித்தன. அகுவேரோ கடைசி நிமிஷங்களில் அடித்த கோலால் சிட்டிக்குப் பட்டம். வித்தியாசம் கோல் கணக்கில் மட்டும்தான், எட்டே எட்டு கோல். பெர்குசனுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. பின்களம் இருந்தது, அனுபவம் இருந்தது. கோல் மட்டும்தான் குறை. அந்தக் குறையை நிரப்ப முந்தின சீசனில் 30 கோல் அடித்தவரை நாங்களே கட்டிக் கொடுத்தோம்.

அந்த விலையில்தான் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒரு சங்கதி இருக்கிறது. 24 மில்லியன் என்று எல்லாரும் சொல்வார்கள். உள்ளே பார்த்தால், கையில் தருவது 22.5 மில்லியன். மிச்சம் 1.5 மில்லியன், அடுத்த நாலு வருஷத்துக்குள் யுனைட்டட் லீக்கையோ சாம்பியன்ஸ் லீக்கையோ வென்றால் மட்டும். திரும்ப ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். எங்கள் கிளப்பின் கணக்குப் புத்தகத்தில், யுனைட்டட் பட்டம் வென்றால் எங்களுக்கு வருமானம். விற்கும்போதே அது நடக்கலாம் என்று தெரிந்து, நடந்தால் நமக்கும் ஒரு பங்கு என்று கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வியாபாரமாகப் பார்த்தால் கெட்டித்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவன் எந்தப் பக்கம் நின்று கத்துவது? பவுண் என்றால் ஊரில் தங்கம். இந்த 1.5 மில்லியன் பவுண் எனக்குத் தங்கமாகவும் தெரியவில்லை, காசாகவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்து முடிந்தது. தனக்குள்ளே இருக்கிற சின்னப் பையன் யுனைட்டட் யுனைட்டட் என்று கத்தினான், அதைக் கேட்டுத்தான் வந்தேன் என்கிற மாதிரி வான் பேர்சி ஏதோ சொன்னார். உள்ளே இருக்கிற பையன் எப்படியோ தெரியாது. ஈஸ்ட் ஹாமில் இருந்த பையன் அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அக்கா போன் பண்ணினாள்.

சனிக்கிழமை சீசனின் முதல் ஆட்டம், எமிரேட்ஸில் சண்டர்லாந்தோடு. புதிதாக வந்த ஜிரூ, பொடோல்ஸ்கி, கசோர்லா மூவரும் இறங்கினார்கள். ஆட்டம் 0-0. கடைசியில் ஜிரூவுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது, வெளியே அடித்தார். ஆட்டம் முடிந்து கடைக்கு வந்தவர்கள் யாரும் எதுவும் கதைக்கவில்லை. பியர் போத்தலை வைப்பார்கள், காசு தருவார்கள், போவார்கள். ஐரிஷ்காரர் மட்டும், "அவன் இருந்திருந்தால் அதை..." என்று தொடங்கி முடிக்காமல் போனார். அன்றைக்கே அலெக்ஸ் சோங்கும் பார்சிலோனாவுக்கு என்று செய்தி. அதைக் கேட்டுக் கோபப்படக்கூட யாருக்கும் தெம்பு இல்லை.

அடுத்த நாள் ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். அத்தான் வாசலிலேயே தயாராக நின்றார்.

"வா வா. இனி உன்ர மருமகனும் எங்கட பக்கம்தான். ஆள் வந்தா ஆளின்ர ரசிகனும் வரவேணும்தானே. நியாயம்தானே?"

"சும்மா விசர்க்கதை கதையாதையுங்கோ அத்தான்."

"ஏன்டா, பெடியனுக்குப் பிடிச்சது வான் பேர்சியையோ, ஆர்சனலையோ? அவனையே கேப்பமே."

பெடியன் மாடிப்படியில் இருந்தான். அந்த ஜேர்சி போட்டிருக்கவில்லை. என்னிடம் வந்து, தகப்பனுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, காதுக்குள் கேட்டான். "மாமா, வான் பேர்சி யுனைட்டட்டுக்குப் போனா நானும் போகவேணுமா?"

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? இல்லையடா, ஆட்கள் வருவார்கள் போவார்கள், கிளப் அப்படியே இருக்கும் என்றேன். எல்லாரும் சொல்கிற பதில்தான். அவனுக்கு அது போதவில்லை. "அப்ப நான் ஆருக்காகக் கத்திறது?" என்றான். கசோர்லாவுக்குக் கத்து என்றேன். "அவர் ஆர்?" என்றான். நியாயமான கேள்வி. எனக்கே கசோர்லாவின் ஆட்டத்தை ஒரு தடவைதான் தெரியும், அதுவும் முதல் நாள் பார்த்தது.

இடையில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நினைக்கவும் விருப்பம் இல்லை. செப்டெம்பரில் சௌதாம்ப்டனில் வான் பேர்சி மூன்று கோல். நவம்பர் 3ஆம் திகதி ஓல்ட் டிரபர்ட்டில் எங்களோடு ஆட்டம். மூன்றாவது நிமிஷத்தில் எங்கள் புதுக் கப்டன் வெர்மாலன் பந்தைச் சரியாகத் தட்டாமல் விட, அது போய் விழுந்தது யாருடைய காலில் என்று சொல்லவும் வேண்டுமா. அடித்துவிட்டு, பழைய வீட்டுக்கு மரியாதை செய்கிற மாதிரி கொண்டாடாமல் கையை உயர்த்தி நின்றார். அந்த மரியாதை கோலை விட அதிகமாகச் சுட்டது. 2-1 என்று தோற்றோம். மருமகன் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே அந்த நேரத்துக்கு அவனைக் கூட்டிக்கொண்டு ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்குப் போனேன். போனில் ஸ்கோர் பார்த்தது நான் மட்டும்தான். முருகன் மன்னிப்பார்.

2013 ஏப்ரல் 22, திங்கட்கிழமை இரவு. ஆஸ்டன் வில்லாவோடு யுனைட்டட். முதல் பாதியிலேயே வான் பேர்சி மூன்று கோல். இரண்டாவதை நான் கடை டிவியில் பார்த்தேன். ரூனி பின்னாலிருந்து தூக்கிப் போட்ட நீளமான பந்து, அது தோளுக்கு மேலால் இறங்கி வரவே நிலத்தில் படவிடாமல் இடது காலால் ஒரு அடி. அந்தக் கால் எனக்குத் தெரியும். எட்டு வருஷம் குதிரைத் திரவம் வரைக்கும் பார்த்த கால். என்னையறியாமல் "அடா" என்று சொல்லிவிட்டேன். கடையில் நின்ற இரண்டு பெடியள் திரும்பி முறைத்தார்கள். யுனைட்டட்டுக்கு 20ஆவது பட்டம், இன்னும் நாலு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே. அவருடைய ஜேர்சி இலக்கமும் 20.

கடை பூட்டுகிற நேரத்துக்கு அத்தான் ஈஸ்ட் ஹாமிலிருந்து கார் ஓடிக்கொண்டு வந்து இறங்கினார். திங்கட்கிழமை இரவு பதினொரு மணி, காலை ஐந்தரைக்கு அவருக்கு வேலை. உள்ளே வந்து, ஒரு பவுண் குத்தியை மேசையில் சத்தமாக வைத்தார்.

"இதென்ன?"

"எங்களுக்குப் பட்டம் கிடைச்சா உங்களுக்கு 1.5 மில்லியன் எல்லோ? அதில உன்ர பங்கு."

முதலாளி அண்ணா முதல் தடவையாக உதைபந்தாட்டத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, வராமல் என்ன செய்யும். அந்தக் குத்தியை டில்லுக்குள் போடவில்லை. லொத்தர் பேனைகள் போட்டு வைக்கிற தகர டப்பாவுக்குள் போட்டேன். காலையில் ஐரிஷ்காரர் வந்ததும் எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டேபிள்டனுக்கு எனக்கு இதுகூடக் கிடைக்கவில்லை," என்று திருப்பித் தந்தார்.

விற்றது பிழையா? விலை என்று பார்த்தால் நான் அன்றைக்குச் சொன்னது சரியாகத்தான் வந்தது. முதல் வருஷம் 26 லீக் கோல். அதற்கு அடுத்த வருஷம் 12, பிறகு 10. நாலு வருஷ ஒப்பந்தத்தில் மூன்றோடு துருக்கிக்கு அனுப்பிவிட்டார்கள். தயிர் தயிர்தான், திகதி திகதிதான். ஆனால் பெர்குசனுக்கு ஒரு வருஷம்தான் தேவைப்பட்டது. பட்டத்தை எடுத்தார், மேயில் ஓய்வு என்று அறிவித்தார், போய்விட்டார். நாங்கள் கடைசி நாளில் நியூகாசிலில் 1-0 என்று வென்று, டொட்டன்ஹாமை ஒரே ஒரு புள்ளியால் முந்தி நாலாவதாக வந்தோம். தயிரின் விலையைச் சரியாகப் போட்ட நான், வாடிக்கை எந்தப் பக்கம் ரோட்டைக் கடக்கும் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

டாக்சிக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளமாட்டார். ஒரு வருஷம் வைத்திருந்தால் அந்தப் பட்டமே நமக்கு வந்திருக்கும் என்பார். அது கொஞ்சம் கூடிப்போன கதை.

பட்டம் கிடைத்த அதே கிழமை, ஏப்ரல் 28 ஞாயிற்றுக்கிழமை, யுனைட்டட் எமிரேட்ஸுக்கு வந்தது. பட்டம் வென்றவர்களுக்கு மற்ற அணி இரண்டு வரிசையாக நின்று கைதட்டி வரவேற்க வேண்டும், அது இங்கத்தைய வழக்கம். எங்கள் பெடியள் வரிசையில் நின்று கைதட்ட, நடுவால் எங்கள் பழைய கப்டன் தலையைக் குனிந்துகொண்டு நடந்து வந்தார். நான் அதை ஈஸ்ட் ஹாமில், அத்தான் வீட்டுச் சோபாவில் இருந்து பார்த்தேன். மருமகன் என் பக்கத்தில். அந்தப் பழைய ஜேர்சியைத்தான் போட்டிருந்தான், அளவு சின்னனாகிப்போய் வயிறு தெரிந்தது. ஏன் அதைப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது நிமிஷத்தில் வால்கொட் கோல் அடித்தார். நானும் அவனும் துள்ளினோம். அத்தான் பேசாமல் இருந்தார், பட்டம் கையில் இருக்கிறவருக்கு என்ன அவசரம். மைதானம் முழுக்க வான் பேர்சி பந்தைத் தொடும்போதெல்லாம் ஊளையிட்டது. பாதி முடியும் நேரம், சான்யா பந்தைக் கோட்டைவிட்டு, பதற்றத்தில் வான் பேர்சியையே விழுத்திவிட்டார். பெனால்டி. அடிக்க வந்ததும் அவரே.

வலைக்குள் போனது. மருமகன் "யெஸ்" என்று கத்திக்கொண்டு சோபாவிலிருந்து எழும்பிவிட்டான்.

ஒரு செக்கன். கை இரண்டும் மேலே தூக்கினபடி நின்றான். பிறகு மெல்ல இறக்கி, என்னைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான், திரும்ப என்னைப் பார்த்தான்.

"பழக்கத்தில வந்திட்டுது மாமா."

அத்தான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒன்பது மாதமாகக் காத்திருந்த இடம் அது. என்ன நினைத்தாரோ, சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். குசினிக்குள் இருந்து அக்கா, தேத்தண்ணி ஆறுது, வந்து எடுங்கோ என்று கூப்பிட்டாள். பெடியன்தான் முதலில் எழும்பிப் போனான், முதுகில் வி. பேர்சியோடு.